பழைய வீடியோ கேம்களை மீட்டெடுக்கப் பணம் திரட்டுவது ஏன் இவ்வளவு கஷ்டம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்ன வயதில் விளையாடிய ஒரு கேம் புதிதாக வரப்போகிறது என்று அறிவிப்பு வரும். ஒரே நாளில் ரசிகர்களிடமிருந்து பல லட்சம் டாலர் சேர்ந்துவிடும். அப்புறம் வருடக்கணக்கில் பேச்சு மூச்சு இருக்காது. கடைசியில் கேம் வந்தாலும் பணம் போட்டவர்களில் பாதிப் பேர் கோபமாக இருப்பார்கள். இடையில் என்னதான் நடக்கிறது என்று பலரும் கேட்பதால், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இந்த முயற்சிகள் ஜெயிக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறவன் நான். அதனால்தான் கணக்கை மூடி மறைக்காமல் பேசவேண்டும் என்று நினைக்கிறேன்.

பழைய கேமைத் திரும்பக் கொண்டுவர எவ்வளவு செலவாகும்?

எதைக் கொண்டுவருகிறோம் என்பதைப் பொறுத்தது. பழைய கேமை அப்படியே இன்றைய கணினியில் ஓடவைத்து விற்பது ஒரு வகை. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் குழுமம் 2008இல் தொடங்கிய ஜிஓஜி கடை இதைத்தான் செய்துவந்தது. படத்தையும் ஒலியையும் மெருகேற்றி விற்பது ரீமாஸ்டர். எல்லாவற்றையும் அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்டுவது ரீமேக். நின்றுபோன கதைக்குப் புதிய பாகம் எடுப்பது இன்னொன்று. முதல் வகையை நாலைந்து பேர் சில மாதங்களில் முடித்துவிடலாம். கடைசி இரண்டுக்கும் ஒரு புதுக் கேமுக்கு ஆகும் அதே செலவு ஆகும். கதை ஏற்கெனவே இருக்கிறதே, செலவு குறையாதா என்று கேட்பார்கள். அனேகமாகக் குறையாது. செலவில் பெரும்பகுதி வேலை செய்பவர்களின் சம்பளம்.

அமெரிக்க ஸ்டுடியோக்களில் வெகுகாலம் புழங்கிய ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஒரு ஆளுக்கு ஒரு மாதத்துக்கு 10,000 டாலர். சம்பளம், வாடகை, காப்பீடு, மென்பொருள் எல்லாம் அதில் அடக்கம். 20 பேர் இரண்டு வருடம் வேலை செய்தால் 48 லட்சம் டாலர். 20 பேர் என்பது இந்தத் துறையில் சின்னக் குழு. இரண்டு வருடம் என்பதும் குறைவான காலம். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இவ்வளவு ரசிகர்கள் இருக்கும்போது உரிமை வைத்திருக்கும் கம்பெனியே ஏன் பணம் போடுவதில்லை?

லாபம் வராது என்பதால் அல்ல, போதுமான அளவு வராது என்பதால்தான். ஒரு பெரிய கம்பெனியிடம் இருக்கும் திறமையான ஆட்கள் எண்ணிக்கை குறைவு. அவர்களைப் பழைய கேமில் உட்காரவைத்தால், வருடாவருடம் கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் கேமுக்கு ஆள் குறையும்.

விக்காரியஸ் விஷன்ஸ் என்ற ஸ்டுடியோவைப் பாருங்கள். கிராஷ் பாண்டிகூட்டின் முதல் மூன்று பாகங்களை 2017இல் புதுப்பித்துக் கொடுத்தார்கள். 2020இல் டோனி ஹாக் ஸ்கேட்போர்டு கேமின் முதல் இரண்டு பாகங்களை அருமையாகத் திரும்பச் செய்தார்கள். இரண்டும் நன்றாக விற்றன. அதற்குப் பரிசாக அடுத்த வருடமே அந்த ஸ்டுடியோவை அதன் உரிமையாளரான ஆக்டிவிஷன் நிர்வாகம் தன் சகோதர நிறுவனமான பிளிசார்டோடு இணைத்துவிட்டது. டோனி ஹாக்கின் அடுத்த இரண்டு பாகங்களுக்கு ரசிகர்கள் 2025வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதையும் வேறு ஸ்டுடியோதான் செய்தது. நன்றாக விற்ற ரீமேக்குக்கே இந்த நிலை என்றால், விற்குமா என்றே தெரியாத கேமுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்?

ஷென்மூ 3க்கு 20 லட்சம் டாலர்தானே கேட்டார்கள்? 63 லட்சம் கிடைத்தும் ஏன் போதவில்லை?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் மையம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஷென்மூவின் முதல் பாகம் 1999 டிசம்பரில் செகா கம்பெனியின் ட்ரீம்காஸ்ட் கேம் கருவிக்கு வந்தது. இயக்கியவர் யூ சுசூகி. தெருவில் நடமாடும் ஒவ்வொருவருக்கும் அவரவர் தினசரி வேலை, கடைகளுக்குத் திறப்பு நேரம், மழை, பனி எல்லாம் அதில் இருந்தன. அந்தக் காலத்தில் யாரும் அப்படிச் செய்ததில்லை. செலவு சுமார் 4 கோடியே 70 லட்சம் டாலர் என்று பின்னாளில் சுசூகியே சொன்னார். இரண்டாம் பாகம் 2001இல் வந்தது. கதை பாதியில் நின்றது. ட்ரீம்காஸ்டும் கடையை மூடியது. செகாவுக்கு அது பணத்தை விழுங்கிய கேம்.

2015 ஜூனில், லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ஈ3 கண்காட்சியில், சோனியின் மேடையில் ஏறி சுசூகி மூன்றாம் பாகத்துக்கான கிக்ஸ்டார்ட்டர் (இணையத்தில் பொதுமக்களிடமே பணம் திரட்ட உதவும் தளம்) பிரசாரத்தை அறிவித்தார். கேட்டது 20 லட்சம் டாலர். ஒன்பது மணி நேரத்துக்குள் அது சேர்ந்துவிட்டது. முடியும்போது 69,320 பேர் சேர்ந்து 63 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்திருந்தார்கள். ஆளுக்குச் சராசரியாக 90 டாலர். ஒரு புதுக் கேமின் விலையே 60 டாலராக இருந்த காலம் அது. கேமைப் பார்க்காமலே ஒன்றரை மடங்கு கொடுத்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிய அன்பை எந்தத் தயாரிப்பாளரும் எதிர்பார்க்க முடியாது.

இப்போது மேலே போட்ட கணக்குக்கு வாருங்கள். கேட்ட 20 லட்சத்தில் 20 பேர் பத்து மாதம் வேலை செய்யலாம். முதல் பாகத்தின் செலவோடு ஒப்பிட்டால் அது இருபதில் ஒரு பங்குகூட இல்லை. 50 லட்சம் வந்தால், தான் ரொம்ப நாளாக ஆசைப்பட்ட ஒன்று நிறைவேறும், 1 கோடி வந்தால்தான் உண்மையான திறந்த உலகம் (விருப்பப்படி எங்கும் சுற்றக்கூடிய கேம்) சாத்தியம் என்று பிரசாரம் நடந்துகொண்டிருந்தபோதே சுசூகி ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதிலாகச் சொன்னார். சோனியும் வேறு கூட்டாளிகளும் பணம் போடுவதும் பிரசாரம் தொடங்கிய பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. 2017இல் டீப் சில்வர் கம்பெனி பதிப்பாளராக, அதாவது கேமை வெளியிட்டு விற்பவராக, சேர்ந்தது. 2017 டிசம்பரில் வரவேண்டிய கேம் 2019 நவம்பர் 19 அன்று வந்தது.

ஆக, அந்த 20 லட்சம் கேமின் விலையே இல்லை. "பாருங்கள், இத்தனை பேர் காத்திருக்கிறார்கள்" என்று பெரிய முதலீட்டாளர்களிடம் காட்டுவதற்கான அத்தாட்சி அது.

அப்படியென்றால் அது ஏமாற்று வேலையா?

இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. பணம் கொடுப்பவரிடம் மொத்தச் செலவு எவ்வளவு, அதில் உங்கள் பங்கு எவ்வளவு, மீதி எங்கிருந்து வருகிறது என்ற மூன்றையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சொன்னால் பணம் வராது என்று பயப்படுகிறார்கள். சொன்னவர்களுக்கும் வந்திருக்கிறது.

கோஜி இகராஷி 2015 மே மாதம் பிளட்ஸ்டெயின்டு என்ற கேமுக்குப் பணம் திரட்டினார். கொனாமியில் கேசில்வேனியா கேம்களைத் தயாரித்தவர். இந்த மாதிரிக் கேமை இனி யார் வாங்குவார்கள் என்று பதிப்பாளர்கள் கைவிரித்த பிறகு ரசிகர்களிடம் வந்தார். கேட்டது 5 லட்சம் டாலர். தேவையில் இது ஒரு சிறு பகுதிதான், ஆதரவு நிரூபணமானால் மீதியைப் போட ஆள் இருக்கிறது என்று சொல்லித்தான் கேட்டார். 64,867 பேர் 55 லட்சம் கொடுத்தார்கள். அவருக்கும் தாமதமானது, சில கருவிகளுக்கான பதிப்புகளைக் கைவிடவும் நேர்ந்தது. ஆனால் 2019இல் வந்த கேம் நன்றாக இருந்தது, 10 லட்சத்துக்கு மேல் விற்றது.

சைக்கோனாட்ஸ் 2 இன்னொரு உதாரணம். டபுள் ஃபைன் ஸ்டுடியோ 33 லட்சம் டாலர் கேட்டபோதே, இது பட்ஜெட்டில் ஒரு பங்கு, தங்கள் சொந்தப் பணமும் வெளி முதலீடும் உண்டு என்று சொன்னார்கள். அப்படியும் வெளி முதலீட்டாளரான ஸ்டார்பிரீஸ் 2018 கடைசியில் நிதி நெருக்கடியில் விழுந்தது. 2019இல் மைக்ரோசாஃப்ட் ஸ்டுடியோவையே வாங்கியதால்தான், பணம் இல்லாமல் வெட்டவிருந்த பெரிய சண்டைக் கட்டங்கள் பிழைத்தன. கேம் 2021இல் வந்தது.

திரட்டிய பணம் முழுவதும் கேமுக்குத்தானே போகிறது?

கிக்ஸ்டார்ட்டர் 5% எடுத்துக்கொள்ளும். அட்டைப் பரிவர்த்தனைக் கட்டணம் இன்னொரு 3 முதல் 5% வரை. அப்புறம் வாக்களித்த பரிசுகள் இருக்கின்றன: டி-ஷர்ட், கலைப் புத்தகம், பெட்டியோடு வட்டு. அவற்றை அச்சிட்டு, பொட்டலம் கட்டி, ஐம்பது அறுபது நாடுகளுக்குத் தபாலில் அனுப்பவேண்டும். அதற்கு மேல் வரி.

இதைவிடப் பெரிய ஓட்டை, கூடுதல் இலக்குகள். இன்னும் ஒரு லட்சம் வந்தால் புது வரைபடம், மூன்று லட்சம் வந்தால் இன்னொரு கருவிக்கும் பதிப்பு என்று பிரசாரத்தின் உற்சாகத்தில் அறிவிப்பார்கள். மெகா மேன் தொடரில் பெயர் பெற்ற கெய்ஜி இனாஃபுனே 2013இல் மைட்டி நம்பர் 9க்கு 9 லட்சம் டாலர் கேட்டார். 38 லட்சம் வந்தது. வாக்குறுதியும் கூடவே வளர்ந்தது. கணினி, பழைய தலைமுறைக் கருவிகள், புதிய தலைமுறைக் கருவிகள், கையடக்கக் கருவிகள் என்று எல்லாவற்றுக்கும் ஒரே கேமை ஓடவைப்பதாகச் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சோதனை, தனியாக அனுமதி, தனியாகப் பிழைதிருத்தம். பலமுறை தள்ளிப்போய் 2016 ஜூனில் வந்த கேம் சுமாராக இருந்தது. கையடக்கக் கருவிகளுக்கான பதிப்புகள் வரவே இல்லை. முதல் கேமைக் கையில் கொடுக்கும் முன்பே, 2015இல், ரெட் ஆஷ் என்ற இன்னொன்றுக்கு அதே குழு கை நீட்டியது. அந்தப் பிரசாரம் இலக்கை எட்டவில்லை. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பழைய கேம்தானே, உரிமையை வாங்குவதில் என்ன கஷ்டம்?

பணத்தைவிடப் பல நேரங்களில் இதுதான் பெரிய முட்டுக்கட்டை.

சிஸ்டம் ஷாக் 2 என்ற 1999ஆம் வருடத்துக் கேமைச் செய்த லுக்கிங் கிளாஸ் ஸ்டுடியோ 2000இல் மூடப்பட்டது. பிறகு பல வருடம் அந்தக் கேமை நேர்வழியில் வாங்க முடியவில்லை. ஸ்டீபன் கிக் என்பவர் வேலையை விட்டுவிட்டு மத்திய அமெரிக்காவில் சுற்றிக்கொண்டிருந்தார். குவாதமாலாவில் இருந்தபோது அந்தக் கேமை மறுபடி விளையாடிப் பார்க்க ஆசைப்பட்டார். கணினியில் ஓடவில்லை. யார் விற்கிறார்கள் என்று தேடிப்போனால், உரிமை ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கையில் இருந்தது. ஸ்டுடியோ மூடியபோது சொத்தோடு சொத்தாக அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. வணிகப் பெயரோ எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற பெரிய கேம் கம்பெனியிடம். கிக் அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞருக்கு எழுதினார், பேசினார், சம்மதம் வாங்கினார். 2013 பிப்ரவரியில் ஜிஓஜியில் கேம் திரும்ப விற்பனைக்கு வந்தது. நைட்டைவ் என்ற ஸ்டுடியோ பிறந்த கதை இது.

அதே நைட்டைவ் அடுத்து நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர் என்ற 2000ஆம் வருடத்துக் கேமைக் கேட்டுப் போனது. அறுபதுகளின் உளவுப் படங்களைக் கலாய்க்கும் அருமையான கேம். செய்த மோனோலித்தை வார்னர் பிரதர்ஸ் வாங்கிவிட்டது. வெளியிட்ட ஃபாக்ஸ் இன்டராக்டிவ் விவென்டிக்குப் போய், அங்கிருந்து ஆக்டிவிஷனுக்குப் போனது. ஃபாக்ஸுக்கும் ஒரு பங்கு மிச்சம் இருக்கலாம். தங்களிடம் என்ன இருக்கிறது என்று அந்தக் கம்பெனிகளுக்கே உறுதியாகத் தெரியவில்லை. பழைய ஒப்பந்தங்கள் காகிதமாக எங்கோ ஒரு பெட்டியில் கிடக்கின்றன. பாகம் பிரிக்காத பூர்வீக நிலத்தை விற்கப் போனால் என்ன ஆகும் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்: மூன்று பங்காளிகளும் கையெழுத்துப் போடவேண்டும், ஒருவர் மறுத்தாலும் பத்திரம் இல்லை. இங்கே வார்னர் மறுத்தது. முயற்சி அதோடு நின்றது.

முதலீட்டாளர் பக்கத்திலிருந்து இதைப் பாருங்கள். உரிமை உறுதியாகும் முன் அவர் ஒரு ரூபாய்கூடப் போடமாட்டார். உரிமையைத் தேடி வழக்கறிஞர்களுக்குச் செலவழிப்பதோ உறுதியாகும் முன். அந்தச் செலவு போனால் போனதுதான். அதனால்தான் இகராஷி, இனாஃபுனே போன்றவர்கள் பழைய பெயரை விட்டுவிட்டு, அதே ருசியில் புதுப் பெயரோடு வந்தார்கள்.

உரிமை கிடைத்துவிட்டால் மீதி சுலபம்தானே?

கேமை எழுதிய மூல நிரல் (சோர்ஸ் கோட்) இருக்கவேண்டுமே. 2012இல் கொனாமி வெளியிட்ட சைலன்ட் ஹில் எச்டி தொகுப்பைச் செய்தவர்களிடம், வெளியான கேமின் இறுதி நிரல் கொடுக்கப்படவில்லை. முழுமையாகாத நிரல்தான் கிடைத்தது. எப்போதோ திருத்திய பிழைகளை மறுபடி உட்கார்ந்து திருத்த வேண்டியிருந்தது. மூடுபனிக்குப் புகழ்பெற்ற ஒரு கேமில் மூடுபனியே சரியாக வரவில்லை.

பிரின்ஸ் ஆஃப் பெர்சியா தப்பித்ததும் அதிர்ஷ்டம்தான். தொண்ணூறுகளில் கணினி பார்த்தவர்களில் அந்த வெள்ளை உடை ஆளைக் குழிக்குள் தள்ளிக் கொல்லாதவர்கள் குறைவு. ஜோர்டன் மெக்னர் 1989இல் ஆப்பிள் 2 கணினிக்கு எழுதிய நிரல் தொலைந்துவிட்டது என்றே பல வருடம் நினைத்திருந்தார். 2012இல் அவருடைய அப்பா வீட்டு அலமாரியில் ஒரு பெட்டிக்குள் பழைய ஃபிளாப்பிகளைக் கண்டுபிடித்து அனுப்பினார். காந்தப் பதிவு அழிந்துபோகும் வயதைத் தாண்டிய வட்டுகள். பழைய கருவிகளைத் தெரிந்த நிபுணர்கள் வந்து ஒவ்வொன்றாகப் படித்து மீட்டார்கள்.

பாட்டும் விளம்பரப் பலகையும் தனித் தலைவலி. 2010இல் கிரேசி டாக்ஸி திரும்ப வந்தபோது, அதன் அடையாளமாக இருந்த தி ஆஃப்ஸ்பிரிங் பாடல்கள் இல்லை. பயணிகள் போகச்சொல்லும் பிட்சா ஹட் கடையும் இல்லை. அந்த உரிமங்களை மறுபடி காசு கொடுத்து வாங்கவேண்டும், வாங்கவில்லை.

பணமும் உரிமையும் இருந்தும் சிஸ்டம் ஷாக் ரீமேக் ஏழு வருடம் எடுத்தது ஏன்?

நைட்டைவ் 2016இல் முதல் சிஸ்டம் ஷாக்கை, அதாவது 1994ஆம் வருடத்துக் கேமை, ரீமேக் செய்யக் கிக்ஸ்டார்ட்டருக்கு வந்தது. கேட்டது 9 லட்சம், கிடைத்தது 13 லட்சத்து 50 ஆயிரம் டாலர். பிரசாரத்தின்போதே விளையாடிப் பார்க்க ஒரு மாதிரியையும் கொடுத்தார்கள். அது யூனிட்டி என்ற எஞ்சினில், அதாவது கேம் கட்ட உதவும் அடிப்படை மென்பொருளில், செய்தது. அப்புறம் அன்ரியல் என்ற வேறு எஞ்சினுக்கு மாறினார்கள். ஆட்கள் மாறினார்கள், ஆசை பெருகியது, பட்ஜெட் ஏறியது. ஏறிய பட்ஜெட்டுக்காகப் பதிப்பாளர்களோடு பேச்சு. 2018 பிப்ரவரியில் கிக் வேலையை நிறுத்திவைப்பதாக அறிவித்தார். செய்யச் செய்ய ஆசை வளர்ந்து, மூலக் கேமை நல்ல கேமாக்கிய விஷயங்களை விட்டு விலகிப் போய்விட்டோம் என்று காரணத்தைத் திறந்து சொன்னார்.

அந்த அறிவிப்பை நான் மதிக்கிறேன். பணம் தீர்ந்த பிறகு மௌனமாகிவிடும் குழுக்கள் நடுவில், எங்கே வழி தவறினோம் என்று பணம் போட்டவர்களிடமே சொன்னது பெரிய விஷயம். பிறகு பழைய திட்டத்துக்கே திரும்பினார்கள். இடையில் டூம் 64, குவேக் போன்றவற்றின் மறுபதிப்பு வேலைகளும் ஸ்டுடியோவுக்கு இருந்தன. 2023 மே 30 அன்று ரீமேக் வந்தது, நல்ல பெயரும் எடுத்தது. அதே வருடம் அடாரி நைட்டைவை வாங்கிக்கொண்டது.

ரசிகர்களே சம்பளம் இல்லாமல் செய்துவிட முடியாதா?

முடியும், உரிமையாளர் மனது வைத்தால். மெட்ராய்ட் 2ஐ ஒரு ரசிகர் பல வருடம் உழைத்துப் புதுப்பித்து 2016 ஆகஸ்டில் இலவசமாக வெளியிட்டார். சில நாட்களுக்குள் நின்டெண்டோவின் சட்ட நோட்டீசால் பதிவிறக்க இணைப்புகள் போய்விட்டன. மறுபக்கம், ஹாஃப் லைஃபை ரசிகர்கள் பிளாக் மெசா என்ற பெயரில் திரும்பக் கட்டியபோது, அதை விற்கவே மூலக் கேமைச் செய்த வால்வ் கம்பெனி அனுமதித்தது. 2020இல் அது முழுமையானது.

பணம் போட நினைக்கிறேன். எதைப் பார்க்கவேண்டும்?

முதலில் உரிமை யாரிடம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அப்புறம் மொத்த பட்ஜெட். கேட்கும் தொகையை ஆள் எண்ணிக்கையாலும் மாதங்களாலும் வகுத்துப் பாருங்கள். விடை மாதம் 1,500 டாலர் என்று வந்தால், வேறு பணம் எங்கிருந்தோ வரவேண்டும் என்று அர்த்தம். எங்கிருந்து என்று கேளுங்கள். ஓடும் மாதிரி இருந்தால் நல்லது. கூடுதல் இலக்குகள் நீளமாக இருந்தால் எனக்குப் பயம்தான் வரும்.

கிக்ஸ்டார்ட்டர் கடை அல்ல, கொடுத்த பணம் திரும்புவதற்கு உத்தரவாதம் கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும். ஷென்மூ 3 கணினியில் எபிக் என்ற இணையக் கடையில் மட்டும் முதலில் வரும் என்று 2019இல் அறிவித்தபோது, ஸ்டீம் என்ற போட்டிக் கடையில் கிடைக்கும் என்று நம்பியவர்கள் கொதித்தார்கள். கடைசியில் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தார்கள். எல்லோருக்கும் அப்படி ஒரு பெரிய கடையின் பணபலம் பின்னால் இருக்காது.

பணம் போட வசதியில்லை. வேறு எப்படி உதவலாம்?

அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87% இன்று கடைகளில் விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஆய்வு வெளியிட்டது. ஆகவே, விற்பனையில் இருக்கும் மறுவெளியீட்டைத் திருட்டுப் பிரதியாக எடுக்காமல் வாங்குவதே பெரிய உதவி. ஆயிரம் பிரதி விற்றது என்ற கணக்கு, அடுத்த கேமுக்காகப் பதிப்பாளர் முன் உட்காரும் ஆளின் கையில் இருக்கும். எந்தக் கேம் வேண்டும் என்று ஜிஓஜியில் வாக்களிக்கவும் வசதி இருக்கிறது. உரிமையாளர்களிடம் பேசும்போது அந்த எண்ணிக்கையைக் காட்டலாம்.

வீட்டில் பழைய வட்டுகள், கையேடுகள், தொண்ணூறுகளில் கணினிப் பத்திரிகைகளோடு வந்த சிடிக்கள் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். ஈரமில்லாத இடத்தில் வையுங்கள், முடிந்தால் படியெடுத்து வையுங்கள். பெட்டியின் பின்பக்கத்தையும் கையேட்டின் கடைசிப் பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். யார் செய்தது, யார் வெளியிட்டது, பதிப்புரிமை யார் பெயரில் என்ற மூன்றும் அங்கேதான் சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும். உரிமையாளரைத் தேடுகிறவர் முதலில் பார்ப்பது அந்த வரிகளைத்தான்.